பத்தொன்பது செகண்டுக்கு அப்புறம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீ நலம்தானே? இங்கே அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, எனக்கு ரத்த அழுத்தம் சரியாக இருப்பதாக டாக்டர் சொல்லிவிட்டார், அதனால் நாங்களும் நலம் என்றே எழுதுகிறேன். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். ஸ்பீக்கரில் போட்டால்தான் எனக்குக் கேட்கிறது, பக்கத்தில் அம்மா இருப்பாள், இதுவோ அவளைப் பற்றிய விஷயம்.

லீவுக்கு வந்தபோது நம் போட்டோ பிரேம் கடையில் பத்தொன்பது செகண்டுக்கு ஒரு வீடியோ எடுத்துப் போட்டாயே, கண்ணாடி ஒரு இன்ச் குறைந்துபோனதற்காக நான் அம்மாவைப் பார்த்துக் கத்துவது, அதை முப்பத்தெட்டு லட்சம் பேர் பார்த்ததாக இன்று காலை காட்டுகிறது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கண்ணாடி வெட்டிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய்ப் போனைப் பார்க்கிறேன், திரும்பி வந்து எந்த இடத்தில் விட்டேன் என்று தேடுகிறேன், நேற்று ஒரு குடும்பப் போட்டோவுக்குக் கொக்கியைக் கால் பக்கம் அடித்துவிட்டேன். கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேர் வந்து, ஒரு இன்ச்னா என்னன்னு தெரியுமான்னு வீடியோல மாதிரி ஒரு தடவ கத்துங்க அங்கிள் என்று போனை நீட்டுகிறார்கள். அங்கிளாம். முதல் நாள் நானும் பல்லைக் காட்டிக்கொண்டு கத்தினேன், அதை மறைப்பானேன். அம்மாதான் கடைப் பக்கம் வருவதே இல்லை. இருபத்தாறு வருடமாக நான் டேப்பைப் பிடித்து அளவு சொல்வேன், அவள் நோட்டில் எழுதுவாள், இப்போது நானே சொல்லி நானே எழுதிக்கொள்கிறேன். கேட்டால் முழங்கால் என்கிறாள். காய்கறிக் கடையில் யாரோ, நீங்கதானே அந்த ஒரு இன்ச் அம்மா என்று கேட்டார்களாம், அங்கேயும் போவதை நிறுத்திவிட்டாள்.

இது ஏன் இந்த ஓட்டம் ஓடுகிறது என்று பக்கத்துக் கடை ஸ்டுடியோக்காரரிடம் கேட்டேன். கம்பெனிகளுக்கு வீடியோ செய்து கொடுக்கிற உனக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். உங்க பொண்ணு கெட்டிக்காரி, வணக்கம் கிணக்கம் இல்லாம நேரா கத்துற இடத்துலயே ஆரம்பிச்சிருக்கா, முதல் மூணு செகண்டுல ஆளு நகராம நின்னாதான் வீடியோ பொழைக்கும் என்றார். சத்தமில்லாமல் பார்க்கிறவர்களுக்காக எழுத்தைப் பெரிதாகப் போட்டிருக்கிறாய், முடிகிற இடமும் தொடங்குகிற இடமும் ஒட்டிக்கொள்வதால் இரண்டாம் முறை ஓடுவதே தெரிவதில்லை, கீழே கமெண்டில் பாதிப் பேர் எனக்காகவும் பாதிப் பேர் அம்மாவுக்காகவும் சண்டை போடப் போட அது இன்னும் பல பேருக்குப் போகிறதாம். எல்லாம் சொல்லிவிட்டு, ஆனா ஜனங்க திருப்பித் திருப்பிப் பாக்குறது உங்கள இல்ல, அக்கா முகத்த என்றார். போய்ப் பார்த்தேன். நான் கத்தக் கத்த அவள் பென்சிலை எடுத்துப் பதினேழை அடித்துவிட்டுப் பதினெட்டு என்று எழுதுகிறாள். அத்தனை பேர் பார்த்த முகத்தை, எதிரில் நின்ற நான் அன்றைக்குப் பார்க்கவில்லை.

உன்னிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கேட்கிறவர்களிடமெல்லாம், உன் சித்தப்பாவிடம்கூட, ஒரு கதை சொல்லி வைத்திருக்கிறேன். அளவைத் தப்பாகச் சொன்னது நான்தான், தெரிந்ததும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன், அது இருந்தால் வீடியோ ஓடாது என்று மகள் வெட்டிவிட்டாள் என்று. தப்பாகச் சொன்னது உண்மை. மன்னிப்பு என்று நான் எதையும் கேட்கவில்லை என்பது எடுத்த உனக்குத் தெரியும். கத்திக்கொண்டிருக்கும்போதே என் தப்பு எனக்கு ஞாபகம் வந்துவிட்டது கண்ணு, நிறுத்தியிருக்கலாம், எதிரில் உன் போன் இருந்தது, இன்னும் ஒரு படி ஏற்றிக் கத்தினேன். பிறகு பழியை உன் தலையில் போட்டேன். செவ்வாய்க்கிழமை ஒரு வாடிக்கையாளரிடம் இதே கதையை அளந்துகொண்டிருந்தபோது, வீட்டுக்கும் கடைக்கும் நடுவிலுள்ள கதவருகே அம்மா சாப்பாட்டுத் தட்டோடு நின்றிருக்கிறாள். அவர் போனதும் தட்டை வைத்துவிட்டு, அந்த மீதி வீடியோவ எனக்கு அனுப்பச் சொல்லுங்க, நானும் பாக்கணும் என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. தட்டை அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

வீடியோவை எடுத்துவிடு. அதனால் உனக்குப் புது வேலைகள் வருகின்றன என்று தெரியும், உன் பிழைப்பில் கை வைக்கக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எடுத்துவிடு. அம்மாவிடம் நான்தான் பேச வேண்டும். மூன்று முறை உள்ளே போனேன், ஒரு முறை தண்ணீர் கேட்டேன், ஒரு முறை மூக்குக்கண்ணாடி எங்கே என்று கேட்டேன், அது மூக்கிலேயே இருந்தது, இன்னொரு முறை சும்மா நின்றுவிட்டு வந்தேன். அவளை அவமானப்படுத்திவிட்டேன், அது எனக்கு வலிக்கிறது, இதைச் சொல்ல இவ்வளவு பாடு.

வேளைக்குச் சாப்பிடு, கழுத்து வலிக்கிற அளவுக்குக் குனிந்து வேலை பார்க்காதே, நீ எடுத்த காரியமெல்லாம் நல்லபடியாக நடக்கட்டும். மறக்காமல் இந்த உறையைத் திருப்பிப் பார். நம் வீட்டில் முகவரி எழுதுவது அம்மாதான், என் எழுத்து தபால்காரருக்குப் புரியாது. மன்னிப்புக் கேட்டுவிட்டு, ஒட்டாமல் அவள் கையில் கொடுப்பதாக இருக்கிறேன். முகவரி அவள் கையெழுத்தில் இருந்தால் கேட்டுவிட்டேன் என்று அர்த்தம். என் கோணல் எழுத்தில் இருந்தால், உடனே கூப்பிட்டு, அவள் காதுபட என்னைத் திட்டு.

உன் நினைப்பிலேயே இருக்கும்
அப்பா