ஏகமனதாக

12 பெப்ரவரி 2004, வியாழன். பான், ஜெர்மனி.

ஈரப்பனி. பஸ் பதினைந்து நிமிடம் தாமதம். வாங்க: பால், கடுகு, பிரிண்டருக்கு மை.

இந்தச் சனியும் தமிழ் வகுப்பு இல்லை. ஐந்தாவது வாரம். பள்ளிக்கூட அறை கேட்டு நகரசபைக்கு அன்ட்ராக், அதுதான் விண்ணப்பம், கொடுக்க வேண்டியவர் சங்கத் தலைவர். கேட்டால் "ஜெர்மன்காரன் தரேல்லை" என்கிறார். பொய். இன்று நகரசபைக்கு நேரே போய்க் கேட்டேன். விண்ணப்பமே வரவில்லையாம்.

ஞாயிறு சங்கத்துக்குள் எங்கள் அணியின் கூட்டம். சங்கப் பொதுக்கூட்டத்தில் தலைவர் பதவிக்கு யாரை நிறுத்துவது என்று அணிக்குள் எடுக்கும் முடிவு. ஒன்பது வருஷமாக ஒரே பெயர். இம்முறை நானும் கேட்கப்போகிறேன். அணியின் செயலாளராக இருந்து கடிதம் அடித்தது போதும்.

13, வெள்ளி

என் பெயரை நானே சொல்லலாம். வழிமொழிய ஓர் ஆள் வேண்டும். செல்வி அக்காவுக்கு போன்.

"ஓம், நான் வழிமொழியிறன். பயப்பிடாதை. என்ரை பிள்ளையும் வீட்டிலதானே கிடக்குது."

இவர், என் மனுசன், சோற்றைப் பிசைந்தபடி: "ஏன் உமக்கு இந்த வேலை? தலைவர் அண்ணை என்ன நினைப்பார்?"

வகுப்பை நினைக்க ஒருவரும் இல்லை. அண்ணை என்ன நினைப்பார் என்று நினைக்க மட்டும் ஊரே இருக்கிறது.

15, ஞாயிறு

கூட்டம் தலைவர் வீட்டில். பதினான்கு பேர். வடை. என் பெயரைச் சொன்னேன். வகுப்பு, விண்ணப்பம், எல்லாம் சொன்னேன்.

தலைவர் சிரித்தார். "தங்கச்சி கேக்கிறா. நல்லது. ஆர் வழிமொழியிறியள்?"

செல்வி அக்காவின் கதிரை காலி. குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். கதவு திறந்துதான் இருந்தது. கேட்டிருக்கும். ஒரு கரண்டி சீனி, இன்னொரு கரண்டி சீனி. தலை நிமிரவில்லை.

"ஒருத்தரும் இல்லையோ? அப்ப சரி."

பிறகு அவர் பெயர். எல்லாக் கையும் மேலே. என்னுடையது மடியில். தேத்தண்ணி வந்தது. தொடவில்லை.

16, திங்கள்

செல்வி அக்கா போனில் அழுதாள். "என்ரை மனுசனுக்கு அண்ணையின்ரை கடையிலதானே வேலை. எனக்கு ஏலாதடி."

வெள்ளிக்கிழமையே சொல்லியிருக்கலாம். பாவம்தான். பாவம் என்று நினைக்க இன்னும் ஆத்திரம் வருகிறது.

மை வாங்க மறந்துவிட்டேன்.

17, செவ்வாய்

மழை. வேலையால் வந்து சப்பாத்துக்கூடக் கழற்றவில்லை, தலைவர் வாசலில். கையில் அணியின் முடிவுக் கடிதம். செயலாளர் ஒப்பமில்லாமல் அது பொதுக்கூட்டத்துக்குப் போகாது.

"ஒரு கையெழுத்து மட்டும், தங்கச்சி. ஆறு மணிக்கு வந்து எடுக்கிறன்."

"ஏகமனதாகத் தெரிவு செய்யப்பட்டார்." போன வருஷக் கடிதம். திகதி மட்டும் புதிது. வசனம் என்னுடையது. ஒவ்வொரு வருஷமும் கூட்டத்துக்கு முதல் நாளே அடித்து வைத்தவள் நான்தான், நேரம் மிச்சம் என்று. வெட்கமாக இருக்கிறது.

பேனையால் அந்தச் சொல்லை வெட்டினேன். மேலே எழுதினேன்: ஒருவர் கை உயர்த்தவில்லை. என் பெயர். காரணம், ஐந்து வாரமாக வகுப்பில்லை. கீழே ஒப்பம்.

இவர் எட்டிப் பார்த்தார். "வெட்டின கடிதத்தை அவர் வாங்கமாட்டார்."

வேறு கடிதத்தில் நான் ஒப்பம் வைக்கமாட்டேன்.

ஐந்து ஐம்பது. கீழே கார்க் கதவு சாத்தும் சத்தம்.