மொட்டையனுக்கு ஒரு மழை

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்கவில்லை. நீ அனுப்பும் படங்களில் கன்னம் உப்பிக்கொண்டே போவது தெரிகிறது. போனை எடுப்பதில்லை, ஆகவே கடிதம்.

உன் மான் பண்ணையை நிர்வகிக்க நீ அனுப்பிய மச்சினன் அமோகமாக இருக்கிறார். மானுக்கு வருஷா வருஷம் கொம்பு விழுந்து முளைக்கும் என்பதே அவருக்கு இங்கே வந்துதான் தெரியும். முதல் வாரம், விழுந்து கிடந்த கொம்பைப் பார்த்து, "எவன்டா வெட்டினது?" என்று காவல்காரரைப் பிடித்துக் கத்தினார்.

இப்போது அளவு நாடாவோடு ஆராய்ச்சி. கொம்பு சிறுத்ததெல்லாம் மட்டமான இனமாம், கழித்துவிட வேண்டுமாம். முதல் பலி, இந்த வருஷக் கொம்பால் மொட்டையன் என்று பேர் வாங்கிய ஆண் மான். வெள்ளிக்கிழமை துப்பாக்கிக்காரர் வருகிறார்.

உன்னிடம் சம்பளம் வாங்கும் மிருக வைத்தியன் என்ற முறையில் எடுத்துச் சொன்னேன். போன வருஷம் மழை இல்லை. புல் இல்லை, புதரில் தளிர் கருகிவிட்டது. தின்பது உடம்புக்குப் போக மிஞ்சினால்தான் கொம்புக்கு. மேட்டில் மேயும் மொட்டையன் மரப்பட்டையைத் தின்று உயிர் பிழைத்தவன். அவர் மெச்சும் பெரிய கொம்பனோ சமையலறை வேலியை விட்டு நகர்வதில்லை. அங்கே தொட்டியில் கொட்டும் காய்கறித் தோலும் அழுகின பழமும் அவனுக்குத்தான். "ரத்தம் பேசுதுங்க" என்கிறார் உன் மச்சினன். பேசுவது தொட்டி.

உன் வரவேற்பறைச் சுவரில் ஒரு கொம்பை மாட்டி, அதன் கீழே நின்று படமெடுக்கிறாயே, அது யாருடையது என்று நினைத்தாய்? நல்ல மழை பெய்த வருஷம் மொட்டையன் உதிர்த்தது. நான்தான் பொறுக்கி அனுப்பினேன். நீ விசாரிக்கவில்லை.

உனக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரே வீட்டில்தான் வளர்ந்தோம். அப்பா உன்னைத் தோளில் தூக்கி, "இவன்தான்டா என் வாரிசு" என்பார். அந்த வருஷங்களில் யார் தட்டில் என்ன விழுந்தது என்று இங்கே எழுதப்போவதில்லை.

நான் விடாமல் வாதாடியதும் மச்சினன் சிரித்தார். "என்னங்கண்ணா இப்படி உருகுறீங்க? அது என்ன, உங்க சொந்தக்காரனா?"

நேரே வந்து இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. மேட்டில் புல் விரல் உயரம் வந்துவிட்டது. மொட்டையன் தலையைத் தூக்காமல் மேய்கிறான். வெள்ளிக்கு முன் உன் மச்சினனிடம் ஒரு வார்த்தை சொல். எனக்கென்று உன்னிடம் எதுவும் கேட்டதில்லை, இனியும் மாட்டேன். அவனுக்கு இந்த ஒரு மழையைக் கொடு. அப்புறம் நாடாவை எடுத்து வந்து அளக்கட்டும்.

நீயும் உன் கன்னங்களும் செழிப்பாக இருங்கள்.

உன் அண்ணன்