மந்திரி கழுத்து நீல நாடா

மார்ச் 4
இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில்: எங்கள் வீட்டு நாய், மாண்புமிகு மந்திரி அவர்கள், இன்று காலை பள்ளி மைதான முகாமில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொண்டார். இடது கையால் கழுத்து, வலது கையால் வாய் — நான் பிடித்த பிடியில் கால்நடை டாக்டரே அசந்துபோனார். ஊசிக்கு அடையாளமாகக் கழுத்தில் நீல நாடா. அப்பா பட்டறைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "எம்பையன் தனியாளா கூட்டிட்டுப் போய்ப் போட்டுட்டு வந்துட்டான்" என்கிறார். தச்சர் அல்லவா, என் புகழை இழைத்து இழைத்துப் பளபளப்பாக்குகிறார். சபை கலைகிறது.

மார்ச் 19
மில்லுக்குப் பின்னால் குப்பைமேட்டில் எங்கிருந்தோ வந்த ஒரு செவலை நாய் மந்திரியைக் கடித்துவிட்டது. காது கிழிந்துவிட்டது. செவலைக்கு வாயெல்லாம் நுரையாம்.
பக்கத்து வீட்டுத் தையல்காரர் தன் நாயை உடனே கட்டிப்போட்டார். அதற்கு ஊசி போடவில்லை. "நீங்களும் கட்டுங்க தச்சரே" என்றார்.
அப்பா நாடாவைக் காட்டினார். "ஊசி போட்ட நாய்ங்க. அது பாட்டுக்குச் சுத்தட்டும்."
"ம்… மந்திரிக்கு நாடா, எங்காளுக்குக் கயிறா!"
எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்த மாதிரி நின்றேன்.

மார்ச் 20
ஊசி போடவில்லை. மந்திரிக்கு நான் கட்டிய நாடா, முகாம் வாசலில் கீழே கிடந்தது.
சொல்லிவிடலாம் என்று பட்டறைக்குப் போனேன். "வாடா வீரா" என்றார் அப்பா. திரும்பி வந்துவிட்டேன்.

ஏப்ரல் 2
மந்திரி தின்கிறது, வாலாட்டுகிறது. ஒன்றுமில்லை. ஒன்றுமில்லைதானே?

ஏப்ரல் 23
தையல்காரர் வீட்டு நாயை, கட்டியிருந்த இடத்திலேயே போய்க் கடித்திருக்கிறது. கோழியைக்கூட முறைக்காத மந்திரி!

ஏப்ரல் 25
காலையிலிருந்து அதன் கீழ்த்தாடை தொங்குகிறது. எச்சில் வடிகிறது. குரல் வேறு ஏதோ நாயின் குரல்.
"எலும்பு மாட்டிக்கிச்சுடா, பாவம்" என்று அப்பா அதன் வாய்க்குள் கையை விட்டுத் துழாவினார். உளி பட்டு வெட்டும் சிராய்ப்புமாக இருக்கிற கை. நான் பார்த்துக்கொண்டு — எவ்வளவு நேரம்டா பார்த்துக்கொண்டு நின்றாய்?
கத்திவிட்டேன். "கையை எடுங்கப்பா! அதுக்கு ஊசியே போடலப்பா. நாடா கீழ கெடந்துச்சு, எடுத்துக் கட்டிட்டேன்."
அப்பா அடிக்கவில்லை. குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே இருந்தார். அம்மா வண்டி பிடிக்க ஓடினாள்.

ஏப்ரல் 27
மந்திரி செத்துவிட்டது. வெறிநோய்தான் என்று டாக்டர் உறுதியாகச் சொல்லிவிட்டார்.

மே 1
தையல்காரர் நாயையும் ஊசி போட்டு நிரந்தரமாகத் தூங்கவைக்க வேண்டியதாயிற்று. மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் மிஷினிலிருந்து நிமிரவில்லை. "கட்டி வச்சேனேடா. அவுத்து விட்டிருந்தா ஓடியாவது போயிருப்பான்" என்றார்.

மே 23
அப்பாவுக்கு இன்று கடைசி ஊசி. நன்றாக இருக்கிறார். ஆஸ்பத்திரி பெஞ்சில் முதல்முறையாகக் கேட்டார்: "அன்னிக்கு என்னதான்டா நடந்துச்சு? கையிலேர்ந்து நழுவிடுச்சா?"
ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.
"இல்லப்பா. டாக்டர் ஊசியை எடுத்ததும் நான்தான் பயந்து ஓடுனேன். மந்திரி வரிசையில சமத்தா உக்காந்துதான் இருந்துச்சு. நான் ஓடுறதப் பாத்துட்டு, எம் பின்னாடியே வந்துடுச்சு."