புதன்கிழமைத் தலையிடி

மொன்றியல்
சனிக்கிழமை, 18 தை 2025

அன்பு மகள் தனுஷாவுக்கு,

நாங்கள் சுகம். எல்லோரும் முதல் வரியாக எழுதுவதுதான், ஆனால் இந்த முறை எழுதலாமா என்று அம்மாவிடம் கேட்டுவிட்டே எழுதினேன். கொஞ்சம் யோசித்தாள். எழுதலாம் என்றாள். நீயும் தூர வடக்கே இகாலுவிட்டில் அந்தக் குளிருக்குள், ஆஸ்பத்திரி வேலையோடு, சுகமாக இருக்க வேண்டும். தொலைபேசி இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். தொலைபேசியில் நீயும் நானும் கதைத்தால் சண்டையில் முடிகிறது. ஐப்பசியில் நீ கடைசியாகச் சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. "அப்பப்பாவை உங்க கொண்டுபோய் விட்டிட்டீங்கள், அவர் சாப்பிடாமலே செத்துப்போவார், இருந்து பாருங்கோ." பிறகு வைத்துவிட்டாய். அதற்கு இப்போது பதில் இருக்கிறது. அப்பப்பா சாப்பிடுகிறார். நிச்சயமாகும்வரை உனக்குச் சொல்ல வேண்டாம் என்று அம்மாவை மறித்து வைத்தது நான்தான், அவளைக் கோபிக்காதே.

முதலிலிருந்து சொல்கிறேன். புரட்டாதியில் அவர் அடுப்பை எரியவிட்டு உறங்கியதும், குளியலறையில் விழுந்ததும் உனக்குத் தெரியும். பகலில் வீட்டில் ஒருவரும் இல்லை. கோட்-டெ-நெய்ஜில் இந்த முதியோர் இல்லம் கிடைத்தது. சுத்தமான இடம், நல்ல ஆட்கள். ஆனால் இறைச்சி வெந்த சட்டியில் வெந்த எதையும் அவர் தொடவில்லை. மரக்கறியைத் தனியாகத்தான் அவிக்கிறோம் என்றார்கள். அகப்பை ஒன்றுதானே என்றார் அவர். பாண், வாழைப்பழம், பால். கார்த்திகையில் அவருடைய இடுப்புப் பட்டிக்கு நான் ஆணியால் புதிய துளை போட்டுக்கொடுத்தேன். பட்டியைக் கட்டிக்கொண்டு, வடிவாய் இருக்கு என்றார். மூன்றாம் மாடியில் இல்லவாசிகளுக்கென்று ஒரு சின்னக் குசினி இருக்கிறது. அதில் ஓர் அடுப்பும் சாமான் வைக்க ஒரு தட்டும் கிடைத்தால் அம்மா போய்ச் சமைத்து வைத்துவிடலாம். ஆனால் அந்தக் குசினி இல்லவாசிகள் குழுவுக்குச் சொந்தம். புதிதாக எது செய்வதென்றாலும் கூட்டத்தில் ஒருவரும் எதிர்க்கக் கூடாது. குழுவில் இரண்டு பெரிய கட்சி. மதாம் லவுவாவும் கேக் சுடுகிற கெபெக் பெண்களும் ஒன்று. திரு. புரூனோவும் ஞாயிற்றுக்கிழமை தக்காளிக் குழம்பு காய்ச்சுகிற இத்தாலியர்களும் மற்றது. ஜன்னலைத் திறப்பதா பூட்டுவதா என்று வருடக்கணக்கில் சண்டை. ஒரு பகுதி ஓம் என்றால் மற்றப் பகுதி இல்லை என்னும். எங்கள் கோரிக்கை நடுவில் மாட்டிக்கொண்டது. கறிவேப்பிலை மணக்கும் என்றார்கள். மணம் காரணமில்லை என்று எல்லோருக்கும் தெரியும். நானும் அம்மாவும் நத்தார்ப் பண்டிகைவரை பார்ப்பது என்று முடிவெடுத்தோம். அதற்குள் சரிவராவிட்டால் அப்பப்பாவை வீட்டுக்குக் கூட்டிவருவது, அம்மா கார்டெரியில் பிள்ளைகள் பார்க்கிற வேலையை விடுவது. அந்த வேலை போன வருடம்தான் அவளுக்கு நிரந்தரமானது. விட்டுவிடுகிறேன் என்று கோப்பை கழுவிக்கொண்டே சொன்னாள். திரும்பிப் பார்க்கவில்லை.

இந்த இடத்தில்தான் மொசியூ ஷல்ஹூப் வருகிறார். அப்பப்பாவின் மேசையில் எதிர்க் கதிரைக்காரர். லெபனான்காரர், வயது எண்பத்தொன்பது, காலை உணவுக்கும் கழுத்துப்பட்டியோடு வருவார். நதீம் ஷல்ஹூப் அந்த நாட்டில் ஆறு தடவை மந்திரியாக இருந்தவர், அதில் இரண்டு தடவை துணைப் பிரதமர். ஒருநாளும் பிரதமர் இல்லை, ஜனாதிபதி இல்லை. ஆகவும் முடியாது. அங்கே கதிரைகள் பிறப்பால் பிரிக்கப்பட்டவை. ஜனாதிபதி மரோனைட் கிறிஸ்தவர், பிரதமர் சுன்னி முஸ்லிம், சபாநாயகர் ஷியா முஸ்லிம். எழுதி வைத்ததைவிட வழக்கமாக வந்ததுதான் கூட. இவர் கிரேக்க ஓர்த்தொடொக்ஸ் கிறிஸ்தவர். அந்தச் சமூகத்துக்கு வழக்கமாக விடப்பட்டது துணைக் கதிரை. இதை அவர் குறையாகச் சொல்வதில்லை. தன் உயரத்தைச் சொல்வதுபோலச் சொல்வார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் அரசியல் படித்த காலத்தில் லெபனானைப் பற்றி எனக்கு ஓர் அத்தியாயம் இருந்தது. பரீட்சை நடக்கவில்லை. அந்த அத்தியாயம் முப்பது வருடத்துக்குமேல் கழிந்து, வீட்டுச் செருப்போடு என் முன்னால் வந்திருந்து வெண்ணெய்க் கட்டியை நகர்த்தச் சொன்னது.

அப்பப்பாவுக்கு முதலில் அவரைப் பிடிக்கவில்லை. "ஆறு தரம் மந்திரியாம், ஒருக்காலும் தலைவர் இல்லையாம். நான் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பன்னிரண்டு வருசம் தலைவர்" என்று எனக்குத் தமிழில் சொல்லிவிட்டு, அதையே அவருக்கு ஆங்கிலத்திலும் சொன்னார். ஷல்ஹூப் எழுந்து நின்று கைகொடுத்தார். அன்று முதல் அப்பப்பாவை மொசியூ பிரெசிடென்ற் என்றுதான் கூப்பிடுகிறார். அது நக்கலா மரியாதையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது, அப்பப்பாவுக்குத் தெரிய வேண்டிய தேவையும் இல்லை. ஒருநாள் ஷல்ஹூப் சொன்னார்: உங்கள் நாட்டில் பெரும்பான்மை எல்லாவற்றையும் தானே எடுத்துக்கொண்டது, எங்கள் நாட்டில் எல்லாவற்றையும் எல்லோருக்கும் பங்குபோட்டோம், கடைசியில் இரண்டு பேரும் கோட்-டெ-நெய்ஜில் ஒரே சூப்பைக் குடிக்கிறோம். அப்பப்பா தன் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னது, "நான் உதைக் குடிக்கேல்லை."

பிறகு இலையுதிர்காலம். பெய்ரூட்டில் குண்டு விழுகிற காட்சி தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்தது. ஷல்ஹூப்பின் தங்கை இன்னும் அங்கேதான். அவரும் சாப்பாட்டை நிறுத்தினார். கழுத்துப்பட்டியை மட்டும் நிறுத்தவில்லை. நான் போகிற நாட்களில் இருவரும் தொலைக்காட்சிக்கு முன்னால் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். 2009இல் எங்கள் வீட்டு வரவேற்பறையில் அப்பப்பா இருந்த அதே இருப்பு. நீ சின்னப்பிள்ளை, உனக்கு ஞாபகம் இருக்குமோ தெரியாது. ஒருநாள் அப்பப்பா தன் வாழைப்பழத்தை உரித்து, பாதியை முறித்து, பார்க்காமலே பக்கத்தில் நீட்டினார். மற்றவரும் பார்க்காமலே வாங்கினார். கார்த்திகைக் கடைசியில் சண்டை நின்றது. தங்கை உயிரோடிருந்தாள். அதற்கு மறுநாள் ஷல்ஹூப் என்னைக் கூப்பிட்டு, உங்கள் தகப்பனாரின் குசினி விஷயம் எந்த அளவில் நிற்கிறது என்று கேட்டார். மந்திரி கேட்கிற தொனி. நான் என்னை அறியாமல் நிமிர்ந்து நின்று பதில் சொன்னேன்.

அப்போதுதான் அந்த மாக் கதையைச் சொன்னார். சண்டைக் காலத்தில் பெய்ரூட் நடுவே கோடு விழுந்திருந்தது. மா ஆலை ஒரு பக்கம், பாண் இல்லாத சனம் மற்றப் பக்கம். லொறி கோட்டைக் கடக்க மந்திரிசபை அனுமதி வேண்டும். சபையில் ஓம் என்று சொல்கிற எவரும் தன் பக்கத்தில் துரோகி ஆகிவிடுவார். அதனால் இவர் ஒருவரையும் ஓம் சொல்லச் சொல்லவில்லை. வீடு வீடாகப் போய், கூட்டத்தன்று வராமல் இருக்கச் சொன்னார். ஒருவருக்குக் காய்ச்சல். ஒருவருடைய கார் பழுது. ஒருவருக்குத் தலையிடி. மிச்சமானவர்கள் கைதூக்கினார்கள், லொறிகள் போயின, ஒருவரும் தோற்கவில்லை. தன் அரசியல் வாழ்க்கை முழுக்க இவ்வளவுதான், மற்றதெல்லாம் புகைப்படம் என்றார். படித்த காலத்தில் இதைக் கோழைத்தனம் என்று பக்கம் பக்கமாக எழுதியிருப்பேன். இப்போதும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன். அவரிடமே கேட்டேன். கோபிக்கவில்லை. கூட்டத்தில் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லாதவர்கள் வீட்டுக்குப் போய்த் துவக்கைத் துடைத்தார்கள் என்றார். தலையிடியை வைத்து ஒரு நாட்டை நடத்த முடியாது, அதைக் கண்டுபிடிக்கத் தனக்கு ஒரு வாழ்க்கை போனது, ஆனால் ஒரு குசினிக்கு அது போதும் என்றார்.

குழுக் கூட்டம் எப்போதும் புதன்கிழமைகளில்தான். எங்கள் கோரிக்கைக்கு மார்கழியில் ஒரு புதன்கிழமை. அதற்கு முதல் கிழமை, ஷல்ஹூப் தன் மகள் கொண்டுவந்த லெபனான் இனிப்புப் பெட்டியோடு மதாம் லவுவாவின் அறைக்குப் போயிருக்கிறார். புரூனோ ஓம் என்று சொல்லி நீங்களும் ஓம் என்றால் அவருக்குப் பின்னால் போனதாகும், இல்லை என்றால் ஒரு கிழவரைப் பட்டினி போட்ட பழி வரும், புதன்கிழமை உங்களுக்குத் தலையிடி என்று சொல்லியிருக்கிறார். பிறகு மிச்சப் பெட்டியோடு புரூனோவிடம் போய் அதையே மாற்றிச் சொல்லியிருக்கிறார். அதை அப்பப்பா எனக்குச் சொன்ன விதம்: "உந்த இத்தாலிக்காரன் தனக்குத் தலையிடி வாறேல்லையாம், முழங்கால் எண்டால் பரவாயில்லையோ எண்டு கேட்டவனாம். மந்திரி யோசிச்சுப்போட்டு, முழங்காலும் காணும் எண்டவராம்." சொல்லிவிட்டுச் சிரித்தார். புரட்டாதிக்குப் பிறகு அன்றுதான் அவருடைய பல்லைப் பார்த்தேன்.

விண்ணப்பக்காரரின் மகன் என்று என்னையும் கூட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நேரத்தோடு போய்விட்டேன். அறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே ஷல்ஹூப் தனியே. அன்றைக்குக் குழுவுக்குப் புதிய தலைவரையும் தெரிவுசெய்ய வேண்டும், பழையவர் மகளோடு இருக்க ஷேர்புரூக் போய்விட்டார். இவரைத்தான் போடுவது என்று எல்லோரும் கதைத்துவைத்திருந்தார்கள். அவர் மேசைத் தலைமாட்டில் தலைவர் கதிரையில் இருந்தார். இரண்டு கையையும் மேசையில் வைத்திருந்தார். ஒன்றும் செய்யவில்லை. சும்மா இருந்தார். பிறகு எழுந்து, கதிரையை உள்ளே தள்ளி, பக்கத்துக் கதிரைக்கு மாறி, கழுத்துப்பட்டியைச் சரிசெய்தார். நான் வெளியே போய், சத்தம் போட்டு நடந்து திரும்பி வந்தேன்.

கூட்டம் சுருக்கமாக முடிந்தது. தலையிடி என்று ஒரு செய்தி, முழங்கால் என்று ஒரு செய்தி. சின்னக் குசினியில் வலது பக்க அடுப்பும் மேல் தட்டும் மொசியூ அருளம்பலத்துக்கு, எங்கள் அப்பப்பாவுக்கு. எதிர்ப்பு இல்லை. தலைவர் பதவிக்கு எல்லோரும் ஷல்ஹூப்பைப் பார்த்தார்கள். அவர் வர முடியாமல்போன மதாம் லவுவாவின் பெயரைச் சொன்னார். துணைத் தலைவராகத் தன்னைப் போடலாம் என்றார். வெளியே வந்தபோது ஏன் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதுதான். முதல் கதிரையில் இருப்பவருக்குத் தலையிடி வரக்கூடாது என்றார். இந்த மாதம், அவருடைய நாட்டில் இரண்டு வருடத்துக்குமேல் வெறுமையாகக் கிடந்த ஜனாதிபதிக் கதிரை நிரம்பிய செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்தபோதும் அதையே சொன்னாராம். பாவம், இனி அந்த மனிதருக்குத் தலையிடியே வர முடியாது என்று.

அந்தச் சனிக்கிழமை அம்மா அங்கே சமைத்தாள். சோறு, பருப்பு, ஜான்-டலோன் சந்தையில் வாங்கிய கத்தரிக்காயில் பொரித்த குழம்பு. நான் ஜன்னலைத் திறந்தேன், கேக் சுட வந்த ஒரு கிழவி குளிருது என்று பூட்டினாள். அப்பப்பா ஒரு வாய் வைத்துவிட்டு உப்புக் காணாது என்றார். பிறகு இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னார். ஷல்ஹூப்புக்கும் ஒரு கரண்டி பருப்பு. தன் தாயின் பருப்பு மாதிரி இருக்கிறது, வெங்காயம்தான் இல்லை என்றார். "வெங்காயம் கிடக்கு, உமக்குக் கண் தெரியேல்லை" என்று அப்பப்பா தமிழிலேயே சொல்ல, மற்றவர் அது பாராட்டு என்று தலையாட்டினார். அம்மா சட்டி கழுவப் போனாள். சட்டி ஏற்கெனவே கழுவியிருந்தது. வேலையை விடவில்லை. சனிக்கிழமையும் புதன்கிழமை வேலைக்கு முன்னும் போய்ச் சமைத்துவைக்கிறாள். மற்ற நாட்களில் மரி-ஆஞ்ச் என்ற ஹெயிட்டிப் பணிப்பெண் எங்கள் சட்டியில், சிவப்பு நூல் கட்டிய எங்கள் அகப்பையால் சூடாக்கிக் கொடுக்கிறாள். இடுப்புப் பட்டி பழைய துளைக்கு வந்துவிட்டது.

ஆனாலும் எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை, பிள்ளை. எனக்காகச் சாப்பிடுகிறாரோ என்று நினைத்தேன். பொங்கலுக்கு முதல் கிழமை தொலைபேசி எடுத்து, செவ்வாய் காலை வந்து கூட்டிப்போகிறேன், டொலார்ட் முருகன் கோயிலுக்கும் போய்விட்டு, அந்தக் கிழமை முழுக்க எங்களோடு நில்லுங்கோ, பிடித்திருந்தால் பேந்தும் நிற்கலாம் என்றேன். கடைசிப் பகுதியை அவசரமாகச் சொன்னேன். "பொங்கலுக்கு வாறன். ஆனா செவ்வாய் பின்னேரமே கொண்டுவந்து விட்டிடு. நிக்க ஏலாது. புதன்கிழமை எனக்குத் தலையிடி" என்றார். நான் பயந்துபோனேன். எப்போதிலிருந்து தலையிடி, மருந்து எடுத்தீர்களா, தாதியிடம் சொன்னீர்களா என்று அடுக்கினேன். அம்மா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள் சிரிக்கத் தொடங்கிவிட்டாள். எனக்கு விளங்க அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் எடுத்தது. அப்பப்பா பொறுமை இழந்து, "பியானோவை எங்க வைக்கிறது எண்டு கூட்டம். நான் போகக்கூடாதெண்டு மந்திரி சொன்னவர். அறையிலை படுத்திருக்கோணும். உனக்கு ஒண்டும் விளங்காது, வை" என்று வைத்துவிட்டார்.

ஐப்பசியில் நீ வைத்ததும் இதே மாதிரித்தான். ஆனால் இந்த முறை நான் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு கன நேரம் சிரித்தேன். செவ்வாய் பின்னேரம் இருட்ட முன்னமே கொண்டுபோய் விட்டேன். மூன்று தரம் நேரம் கேட்டார். காரிலிருந்து இறங்கித் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார். அது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று எழுத வரவில்லை.

கோயில் விபூதி இதற்குள் ஒரு பொட்டலமாக வைத்திருக்கிறேன், உறையைப் பார்த்துப் பிரி. காதை மூடிக்கொண்டு வெளியே போ, வேலை முடிந்து களைப்பென்று சாப்பிடாமல் படுக்காதே, இந்த வீட்டில் சாப்பாட்டை விட்டவர்கள் போதும். முருகன் உன்னைக் காக்கட்டும், கைநிறைய வேலையும் மனநிறைய நித்திரையும் தரட்டும். அப்பப்பாவுக்குத் தொலைபேசி எடு, நீ கோபமோ என்று கேட்டபடி இருக்கிறார். எந்த நாளும் எடுக்கலாம். புதன்கிழமை மட்டும் வேண்டாம், படுத்திருப்பார்.

அம்மா சிவாஜினியின் முத்தங்களோடு,
உன் அப்பா
இரவிச்சந்திரன்