சொந்தக்காரர்கள் ஏறும் கார்

இக்கோரோடு
ஞாயிறு, கோவில் முடிந்து வந்து

அன்புள்ள டிமேஜிக்கு அம்மா எழுதுவது.

கர்த்தருடைய கிருபையால் நானும் உன் அப்பாவும் நலம். நலம் என்றால் ஆஸ்பத்திரிக்குப் போகும்படியாக ஒன்றும் இல்லை, இருந்தாலும் போய்வர ஆகும் வண்டிச் செலவை நினைத்து எங்கள் உடம்புகள் தாமாகவே சரியாகிவிடுகின்றன. உனக்கு வின்னிபெக்கில் பனி குறைந்ததா, இரவு வேலைக்குப் போகும்போது காதை மூடிக்கொண்டு போகிறாயா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்றெல்லாம் போனிலேயே கேட்கலாம்தான். ஆனால் நீ கூப்பிட்டதும் அப்பா போனை ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைத்துவிடுகிறார், நான் பேசவேண்டியதை அவரே பேசி, நான் சிரிக்கவேண்டிய இடத்தில் அவரே சிரித்து முடித்துவிடுகிறார். அதனால்தான் இந்தக் கடிதம். எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரர் மகள் வியாழக்கிழமை உங்கள் ஊருக்கு விமானம் ஏறுகிறாள், அவளிடம் கொடுத்தனுப்புகிறேன்.

முக்கியமானதை முதலில் எழுதிவிடுகிறேன். காரை மீட்கவேண்டும் என்று அப்பா உன்னிடம் பணம் கேட்பார். அனுப்பாதே. உன்னிடம் இருப்பது இபிடுனை அங்கே அழைத்துக்கொள்வதற்காகச் சேர்த்த பணம் என்பது எனக்குத் தெரியும். கல்யாணமான மறுவாரமே நீ விமானம் ஏறினாய், இது மூன்றாவது வருஷம், அந்தப் பெண் இன்னும் அகேகேயில் தன் பெற்றோர் வீட்டில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். ஆகஸ்டில் நிச்சயம் என்று நீ சொன்னதை அவள் ஊரெல்லாம் சொல்லியாயிற்று. எந்தக் கார், யாரிடமிருந்து மீட்பது என்று நீ கேட்பாய். நீ அங்கிருந்து கப்பலில் அனுப்பிய அதே கார்தான். அதைத் தார்ப்பாய் போர்த்திப் பத்திரமாக நிறுத்தியிருப்பதாகவும் ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு மட்டும் எடுப்பதாகவும் அப்பா உன்னிடம் சொல்லியிருப்பார். தார்ப்பாய் பத்திரமாக இருக்கிறது.

பெட்ரோல் விலை ஏறியது உனக்குத் தெரியும். காலையில் அறிவித்தார்கள், வேன்காரர்கள் முந்தின நாள் சாயங்காலமே கட்டணத்தை ஏற்றிவிட்டார்கள், முன்யோசனை உள்ள ஜனங்கள். பள்ளிக்கூட ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவருக்கு எதையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் தூக்கம் வராது என்பது நீ அறிந்ததுதானே. அப்பா மூன்று நாள் சாப்பாட்டு மேசையில் காரையும் பஸ்ஸையும் ஒப்பிட்டார். நான் யாபாவில் நூலக வேலைக்குப் போய்வர வேன் என்றால் சம்பளத்தில் பாதி போகிறது, கார் என்றால் சம்பளம் முழுவதும் போய் அவருடைய ஓய்வூதியத்தையும் கூப்பிடுகிறது. இரண்டு பேர் போனாலும் வேன்தான் லாபம். நான்கு பேர் சேர்ந்து போனால் கார் மலிவு. எங்கள் வீட்டில் நான்கு பேர் இல்லை. வேலைக்கே போகாமல் இருப்பதுதான் எல்லாவற்றிலும் சிக்கனம் என்று நான் சொன்னேன், அதில் தவறு கண்டுபிடிக்க முடியாமல் அவர் கோபித்துக்கொண்டார். கடைசியில் கார் தார்ப்பாய்க்குள் போயிற்று, நான் டான்ஃபோ வேனுக்குப் போனேன்.

நீ இருந்தபோது பார்த்த டான்ஃபோ இல்லை இது. வேன் அதே மஞ்சள்தான், ஓட்டை அதே ஓட்டைதான், கட்டணம் மட்டும் வேளைக்கு ஒன்று. வானம் இருட்டினால் கண்டக்டர் முகத்தில் வெளிச்சம் வருகிறது. சில்லறை என்பது ஊரிலேயே இல்லை, அதனால் இரண்டு பேருக்குத் தரவேண்டிய பாக்கியை ஒரே நோட்டாக ஒருவர் கையில் திணித்து, நீங்களே பிரிச்சுக்கோங்க என்று இறக்கிவிட்டுப் போகும் அந்தப் பழைய வழக்கம் இப்போது எல்லா வேனிலும் உண்டு. சேர்த்து வைப்பது என்றுதான் இன்னும் சொல்கிறார்கள். முன்பின் தெரியாதவர்கள் நிறுத்தத்தில் இறங்கி ஒரே நோட்டைப் பிடித்துக்கொண்டு சில்லறை தேடிக் கடைகடையாகப் போவதைப் பார்த்தால் புதுத்தம்பதிகள் பாத்திரம் வாங்கப் போவது போலவே இருக்கும். என்னை இதுவரை ஒரு தச்சரோடும் இரண்டு போதகர்களோடும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். போதகர்களில் ஒருவர் நோட்டோடு ஓடிவிட்டார்.

மார்ச்சில் ஒருநாள் மழையால் தாமதமாகி, கேட்டு என்கிற நிறுத்தத்தில் நடைமேம்பாலத்துக்குக் கீழே அடுத்த வேனுக்காக நின்றேன். அப்போது, யாபா, யாபா, சில்லறையோட ஏறுங்க, நடுவழியில தகராறு வேணாம் என்று ஒரு குரல் கேட்டது. முப்பது வருஷம் பள்ளிக்கூடங்களுக்குள் நுழைந்து ஆசிரியர்களை எழுந்து நிற்க வைத்த குரல், எனக்குத் தெரியாதா. உன் கார், அதற்குள் உன் அப்பா, கழுத்தில் வியர்வைக்குத் துண்டு. ஓய்வூதியக்காரர் சங்கத்தில் தினமும் கூட்டம் என்று என்னிடம் சொல்லியிருந்தார், சங்கம் இவ்வளவு சுறுசுறுப்பானது என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அவரும் என்னைப் பார்த்தார். ஊரார் முன்னால் என்ன செய்வது, நான் பின்சீட்டில் ஏறி யாபா எவ்வளவு என்று கேட்டேன். சொன்னார். நேத்து இதைவிடக் குறைச்சலா இருந்துச்சே என்றேன். அது நேத்தும்மா என்றார். பக்கத்தில் துணி மூட்டையோடு இருந்த வியாபாரிப் பெண் என் தொடையைத் தட்டி, "இந்த ஐயா பரவால்லம்மா, மத்தவனெல்லாம் வாயத் தொறந்தா கெட்ட வார்த்த. இவரு நம்ம இங்கிலீஷத்தான் திருத்துவாரு" என்று ஆறுதல் சொன்னாள். யாபாவில் இறங்கும்போது சில்லறை இல்லை என்று அப்பா என்னைக் டை கட்டிய ஒரு பையனோடு சேர்த்து வைத்தார். நல்ல பையன், இன்ஷூரன்ஸ் விற்கிறான், என் பங்கை ஒழுங்காகக் கொடுத்தான்.

அன்று வீட்டில் அவர் சாப்பிடும்போது வேன் எப்படி இருந்தது என்று கேட்டார். சீட் சுத்தமாக இருந்தது, ஓட்டுகிறவர் கொஞ்சம் அதிகம் பேசுகிறார் என்றேன். சிலர் அப்படித்தான் என்றார். அதோடு சரி. அதன்பிறகு தினமும் காலையில் நான் முன்னால் கிளம்பி வேனில் கேட்டு நிறுத்தம் வரைக்கும் போவேன், அவர் அரைமணி கழித்துத் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு அங்கே வருவார், நான் மற்றவர்களோடு முண்டியடித்து ஏறிக் காசு கொடுப்பேன். வீட்டிலிருந்தே காரில் போயிருக்கலாமே என்று நீ நினைப்பாய். அதற்கு முதலில் நாங்கள் அதைப் பற்றிப் பேசியிருக்கவேண்டும். என் காசை அவர் திருப்பிக் கொடுத்ததில்லை, பெட்ரோலுக்குத்தானே என்று நானும் கேட்கவில்லை. ஆனால் அவருடைய ஒப்பீடு உண்மையாயிற்று, கார் பஸ்ஸாக மாறினால் மட்டுமே கார் கட்டுப்படியாகும். அப்பா அந்த நாட்களில் சந்தோஷமாக இருந்தார் டிமேஜி, அதையும் எழுதத்தான் வேண்டும்.

சொந்தக் காரில் காசுக்கு ஆள் ஏற்றக்கூடாது, பிடித்தால் வண்டி போய்விடும், அதனால் யாராவது மறித்தால் எல்லோரும் சொந்தக்காரர்கள் என்று சொல்லவேண்டும் என்று அப்பா தினமும் பாடம் நடத்துவார். போன மாதம் ஓஜோட்டாவில் துணிக்காரப் பெண்ணும் அந்த இன்ஷூரன்ஸ் பையனும் இறங்கினார்கள், அவர்கள் இருவரையும் சேர்த்து வைத்த நோட்டு கிழிசல் நோட்டு, அதை யார் வைத்துக்கொள்வது என்று நடைபாதையிலேயே சண்டை. சண்டையைப் பார்த்துச் சீருடைக்காரர்கள் நான்கு பேர் வந்தார்கள். இவங்கெல்லாம் யாரு என்று அவர்களில் பெரியவர் கேட்டார். சொந்தக்காரங்க என்றார் அப்பா. சொந்தக்காரங்க எதுக்கு நடுரோட்டுல காசுக்கு அடிச்சுக்கிறாங்க என்று அவர் கேட்டதற்கு அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "உங்க சொந்தக்காரங்கள நீங்க பாத்தே ரொம்ப நாளாச்சு போல" என்றார். மற்ற மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். பெரியவரும் போகத்தான் திரும்பினார். திரும்பும்போது பின்சீட்டில் என்னைப் பார்த்தார். என் கையில் நீட்டிய நோட்டு இருந்தது, மீதிக்காகக் காத்திருந்தேன்.

இந்த அம்மா யாரு என்றார். என் மனைவி என்றார் அப்பா. அன்று காலையில் அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான். பெரியவர் குனிந்து, பொண்டாட்டிகிட்டயே வண்டிக்காசு வாங்குற புருஷன நான் இந்த ரோட்டுல பாத்ததில்லயே ஐயா என்றார். நான் இவர் மனைவிதான், முப்பத்திரண்டு வருஷம் என்றேன். என்னையும் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்து அந்த இன்ஷூரன்ஸ் பையன் ஓடிவந்து ஜன்னலில் தலையை விட்டான். "சார், இந்த அம்மாவுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல சார். தினமும் எங்ககூட ஏறுறவங்க. முந்தாநாள்கூட இவங்களையும் என்னையும்தான் அவரு சேர்த்து வெச்சாரு." பெரியவர் என்னைப் பார்த்தார், பையனைப் பார்த்தார், பிறகு சாவிக்குக் கையை நீட்டினார். அப்பா கொடுத்துவிட்டார். அந்தப் பையன் மீது எனக்கு வருத்தம் இல்லை, நல்ல மனசோடு செய்தான்.

இப்போது கார் ஊருக்கு வெளியே சதுப்பு நிலத்தின் ஓரத்தில், பிடித்த வண்டிகளை அடைத்து வைக்கும் ஒரு கொட்டடியில் நிற்கிறது. அபராதம் ஒன்று, நிற்பதற்கு நாள்வாடகை ஒன்று. ஓடும்போது ஆன செலவைவிட நிற்பதற்கு அதிகம் ஆகிறது, இதை அப்பா தன் ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. தினமும் இரண்டு வேன் மாறிப் போய் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று காரைப் பார்த்துவிட்டு வருகிறார். காவல்காரன் பாவம் பார்த்து ஒருநாள் உள்ளே விட்டிருக்கிறான், இவர் கைக்குட்டையால் முன்கண்ணாடியைத் துடைத்துவிட்டு வந்திருக்கிறார். யாரும் மீட்காவிட்டால் ஏலம் போட்டுவிடுவார்கள். போடட்டும் என்பது என் எண்ணம், நமக்கு அதைவிடப் பெரிய உதவி யாரும் செய்யப்போவதில்லை. அவர் கேட்கவில்லை. "பையன் பனியில நின்னு சம்பாதிச்சு அனுப்பினது. அதை ஏலத்துல விட்டுட்டு நான் எந்த மூஞ்சியோட வேன்ல போய் உக்காருவேன்" என்கிறார். உட்கார எங்கே இடம் இருக்கு, நின்னுட்டுத்தான் வரணும் என்றேன். அவர் சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது, உடனே எழுத உட்கார்ந்தேன்.

ஆகவே திரும்பவும் எழுதுகிறேன், அவர் எவ்வளவு கெஞ்சினாலும் அனுப்பாதே. அந்தப் பணம் இபிடுனுடையது. அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

புதன் காலை

மேலே உள்ளதைக் கிழித்துப் போடலாமா என்று யோசித்தேன், காகிதம் விற்கிற விலையில் மனசு வரவில்லை. திங்கட்கிழமை அப்பா கொட்டடியிலிருந்தே உன்னைக் கூப்பிட்டாராம், வீட்டில் பேசினால் நான் இருப்பேன் என்று. வேலி ஓரத்தில் நின்று அழுதார் என்று காவல்காரன் சொன்னான், உன்னிடம் அழுதாரா என்று தெரியாது. நீ அன்றே அனுப்பிவிட்டாய். நீ அனுப்புவாய் என்று தெரிந்துதான் நான் எழுத உட்கார்ந்தேன், எழுதுகிறவர்கள் எப்போதும் இப்படித்தான் தாமதமாகப் போய்ச் சேருகிறார்கள். உன்னைத் திட்ட மாட்டேன். நீ அனுப்பாமல் இருந்திருந்தால் அதற்கும் எனக்கு மனசு கஷ்டப்பட்டிருக்கும், என்ன செய்வது.

நேற்று அப்பாவும் நானும் போனோம். அபராதம் கட்டினோம், வாடகை கட்டினோம், கொட்டடிக் கதவைத் திறந்ததற்குக் காவல்காரனுக்கும் கொடுத்தோம். பேட்டரி இல்லை, பெட்ரோலை உறிஞ்சி எடுத்திருக்கிறார்கள், பின்னால் இரண்டு சக்கரங்களுக்குப் பதில் செங்கல். அன்று சாவி வாங்கிய அதே பெரியவர் ரசீது கொடுத்து, வாழ்த்துகள் ஐயா, வண்டி உங்களுது என்றார். இழுத்துக்கொண்டு வர லாரிக்காரன் கேட்டதை எழுதினால் நீ அங்கே தூங்க மாட்டாய். மீதமிருந்ததில் அவ்வளவு இல்லாததால் கார் அங்கேயே நிற்கிறது, இன்று காலையிலிருந்து வாடகை புதிதாக ஓட ஆரம்பித்திருக்கும். நாங்கள் வேனில் திரும்பினோம். அப்பாவுக்கு ஒரு பையன் எழுந்து இடம் கொடுத்தான், உட்கார்ந்தார், வழியெல்லாம் கண்டக்டர் தப்பாகப் பேசிய இங்கிலீஷைக்கூடத் திருத்தவில்லை.

சாயங்காலம் இபிடுன் வந்திருந்தாள். மூன்று வேன் மாறி, மடியில் ஆவியில் வேகவைத்த மொய்மொய்யைச் சூடாக வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள், பயறை அவள் அரைக்கிற பக்குவம் எனக்குக்கூட வராது. அப்பா அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டார், உடம்பு சரியில்லையா என்று கேட்டாள், வெயில் என்றேன். அங்கே குளிருக்கு எந்த மாதிரிச் செருப்பு போடவேண்டும் என்று கேட்டாள். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக, "அம்மா, பள்ளிக்கூடத்துல வேலைய விட்டுட்டேன். ஆகஸ்டுக்கு முன்னால சொல்லணும்ல, வெள்ளிக்கிழமையே எழுதிக் கொடுத்துட்டேன். என் இடத்துக்கு ஆளும் போட்டுட்டாங்க" என்றாள். சந்தோஷமாகச் சொன்னாள். நான் மொய்மொய் நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். இருட்டுவதற்குள் போகவேண்டும் என்று கிளம்பினாள், வேன் நிறுத்தம் வரை கூடப் போய் ஏற்றிவிட்டு வந்தேன், பணம் போனதை அப்போதும் சொல்லவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, இரண்டு வேலை பார்க்கிறேன் என்று இன்னொரு வேலையைத் தேடிக்கொள்ளாதே, ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போகாவிட்டாலும் பரவாயில்லை, தூங்கு. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன் கைகளின் வேலையை ஆசீர்வதிப்பாராக, உன்னையும் அவளையும் ஒரு கூரைக்குக் கீழே சேர்ப்பாராக. ஒன்று மட்டும் மறக்காதே. இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் இபிடுனைக் கூப்பிட்டு நீயே சொல்லிவிடு. வருகிற சனிக்கிழமை திரும்ப வருவதாகச் சொல்லியிருக்கிறாள், என்னைச் சொல்ல வைக்காதே.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும் அம்மா,
மொரோலாயோ