பள்ளிக்கூட வாசலில் வேகத்தடை

10 நவம்பர்

காலையில் தூறல். கமலா அக்கா பிளவுஸ்: கையில் அரை இன்ச் பிரிக்கணும். ஊக்கு, கறுப்பு நூல் வாங்கணும்.

தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தபோது வெளியே கடமுடா சத்தம். கடைக்கு எதிரே, பள்ளிக்கூட வாசலில் இருந்த வேகத்தடையை ஜேசிபி சுரண்டிக்கொண்டிருந்தது. போன வருஷம் ஒரு பிள்ளைக்குக் கால் உடைந்த பிறகு, எச்.எம். மேடமும் நாங்கள் சில அம்மாக்களும் மனு மேல் மனு கொடுத்து வாங்கியது.

"இன்னாத்துக்கு அண்ணாத்த எடுக்கிறீங்க?"

"மந்திரி மாமல்லபுரம் போறாரும்மா. வண்டி குலுங்கக் கூடாதாம்."

குலுங்கினால் என்ன ஆகும்? நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசை. அவரே வாயைத் திறந்து கேட்டாரா, கூட இருக்கிறவர்கள் நினைத்துக்கொண்டார்களா? சாயந்திரம் ஷேர் ஆட்டோ ஓட்டிக் களைத்து வந்த என் வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"எவன் வந்தாலும் இதே கததான். ஒண்ணும் மாறாது. நீ வேற, சோத்தப் போடு."

11 நவம்பர்

வெயில். ரோட்டோரம் முழுக்க பிளீச்சிங் பவுடர். வண்டிகள் பறக்கின்றன. யாழினியைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் பள்ளியில் விட்டேன். மூன்றாவது படிக்கிறவளுக்கு வெட்கம். "எல்லாரும் பாக்கறாங்க, வுடும்மா."

ஹைவேஸ் ஆபீசுக்குப் போன். "புரோகிராம் முடிஞ்சதும் போட்டுடுவோம்மா."

"என்னிக்கு சார்?"

"ஆர்டர் வரணும்."

எடுக்கச் சொல்லி யார் ஆர்டர் போட்டது என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

12 நவம்பர்

பள்ளி விடும் நேரத்தில் கான்வாய். எங்களை ஓரங்கட்டி நிறுத்திவிட்டார்கள். எட்டிப் பார்த்தேன். மந்திரி முன் சீட்டில் வாயைத் திறந்தபடி நல்ல தூக்கம். பார்க்கப் பாவமாகக்கூட இருந்தது. பிள்ளைகள் டாட்டா காட்டினார்கள். பார்த்தால் என் கையும் மேலே. என் மேலேயே எரிச்சல்.

13 நவம்பர்

எழுதக் கை வரவில்லை. காலையில் பள்ளிக்குக் கிளம்பும் நேரம், அவசரத் தையல் என்று ஒரு நிமிஷம் கடைக்குள்ளே போனேன். யாழினி தானாக ரோட்டைத் தாண்டியிருக்கிறாள். ஒரு பைக் அவள் பையை இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. முட்டியில் சிராய்ப்பு, வேறொன்றுமில்லை. டிபன் பாக்ஸ் திறந்து ரோடெல்லாம் தயிர்சாதம். அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டு அழுதேன். பயம். அதைவிடக் கோபம்.

இவர் வந்து முட்டியைத் தடவிப் பார்த்தார். கழற்றிய சட்டையை மாட்டிக்கொண்டு மறுபடி வெளியே போனார்.

14 நவம்பர்

விடிந்ததும் பார்த்தால், பள்ளி வாசலில் ரோட்டின் குறுக்கே படகு கட்டும் பழைய வடம். என் கை தடிமன். இவரும் ஸ்டாண்டு ஆட்டோக்காரர்களும் மீனவர் குப்பத்தில் கேட்டு வாங்கிவந்து ஆணி அடித்திருக்கிறார்கள். பஸ்கூட மெதுவாகத்தான் ஏறி இறங்குகிறது.

"ஒண்ணும் மாறாதுன்னீங்க?"

"இப்பவும் அதான் சொல்றேன்."

பள்ளி மணி அடிக்கும் முன்னே போலீஸ் ஜீப். ஏட்டு இறங்கி, "யாரு போட்டது?" என்றார்.

இவர் முன்னே போனார். "நான்தான் சார். மந்திரி திரும்ப வந்தா சுருட்டி வெச்சிடறோம்."

கிண்டல்தான். ஏட்டு அறையப்போகிறார் என்று நினைத்தேன். அவர் குனிந்து வடத்தை இழுத்துப் பார்த்தார்.

"ஆணி வேணாம். ரெண்டு பக்கமும் முளை அடிச்சுக் கட்டு. போன் வந்தா ஒடனே அவுக்கணும். ஞாயித்துக்கெழம இதே வழியாத்தான் திரும்பறாரு."