லித்தியத்துக்குக் கீழே சோடியம்

என்னங்க,

மாத்துத்துணி எடுக்க வந்தேன், ஆஸ்பத்திரிக்குத் திரும்பறேன். நம்ம பெரிய பொண்ணு இன்னும் கண்ணைத் திறக்கல. ரெண்டாவது தடவையா ரத்தத்தைச் சுத்தம் பண்றாங்க. முழிச்சாலும் பேச்சு பழையபடி வருமான்னு டாக்டரால சொல்ல முடியல. நானும் கேட்கறதை விட்டுட்டேன்.

காரணம் தெரிஞ்சுபோச்சு. வேற யாரும் சொல்றதுக்கு முன்னால நானே எழுதிடறேன். அவ மனசுக்காகச் சாப்பிடற மாத்திரை லித்தியம். எனக்கு பிரஷர்னு போன மாசம் வீட்டுல எல்லாருக்கும் உப்பைக் குறைச்சேன் இல்ல? உப்புல இருக்கற சோடியம் உடம்புல குறைஞ்சதும் கிட்னி லித்தியத்தை வெளியே விடாம பிடிச்சு வெச்சிருக்கு, அது ரத்தத்துல ஏறி விஷமாயிடுச்சு.

தனிம அட்டவணையில ரெண்டும் ஒரே தொகுதி, மேலும் கீழுமா இருக்கு. குணமும் கிட்டத்தட்ட ஒண்ணு. இருபத்திரண்டு வருஷமா இந்த ரெண்டையும் ஒப்பிடுன்னு கெமிஸ்ட்ரி கிளாஸ்ல பசங்களைக் கேள்வி கேட்டு உயிரை எடுக்கறேன். சமையல்கட்டுல எனக்கே உறைக்கல.

வாயில வைக்க முடியலன்னு அவ தட்டைத் தள்ளினப்போ நீங்க பரிஞ்சு பேசினீங்க. உங்க ரெண்டு பேர்கிட்டயும் கத்தினேன். அவ கை நடுங்கினதைக்கூட நடிப்புன்னு சொன்னேன். நீங்க அதுக்கப்புறம் என்கிட்ட பேசல. பேச வேண்டாம்.

சோறும் பருப்பும் மேடையில மூடியிருக்கு. சாப்பிட்டுட்டே வாங்க. அவளோட பழைய மருந்துச்சீட்டு பீரோவுல, மேல் தட்டுல இருக்கு. டாக்டர் கேட்டார்.

பக்கத்து வீட்டு அக்கா விசாரிச்சா காய்ச்சல்னு சொல்லிடுங்க.

பருப்பு கரிக்கும். அவளுக்கும் சேர்த்து உப்பைப் போட்டுட்டேன்.